ஆட்டோ பிளேடு: டோசர், கிரேடர் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றி இருந்த பால்மரம் செம்பனை ஆனது. அந்தச் செம்பனையிலும் ஒரு பகுதி இப்போது தாமான்களாக, அதாவது குடியிருப்புப் பகுதிகளாக, மாறிக்கொண்டிருக்கிறது. மண் வேலைக்குக் குறைவில்லை. மண்ணைத் தள்ளும் டோசரிலும் தரையைச் சீவிச் சமப்படுத்தும் கிரேடரிலும், மண்ணை வெட்டும் பிளேடைத் தானாக ஏற்றி இறக்கும் லேசர், ஜிபிஎஸ் கருவிகளை மாட்டி, ஆபரேட்டர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது என் தொழில். எந்த சைட்டுக்குப் போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. சிலர் ஒர்க்‌ஷாப்பில் கேட்பார்கள், சிலர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுப் போகும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ஆட்டோ பிளேடுன்னா வண்டி தானா ஓடுமா அண்ணே?

ஓடாது. வண்டியைத் திருப்புவது, வேகம், எங்கே வெட்ட ஆரம்பித்து எங்கே கொண்டுபோய்ப் பரப்புவது எல்லாம் ஆபரேட்டர் கையில்தான் இருக்கிறது. தானாக நடப்பது பிளேடு ஏறுவதும் இறங்குவதும், இடது வலமாகச் சாய்வதும் மட்டுமே. நீங்கள் ஜோய்ஸ்டிக்கை விநாடிக்கு விநாடி மெல்ல அசைத்துச் செய்யும் அந்தச் சின்னத் திருத்தங்களை ஒரு கம்ப்யூட்டர் வால்வுக்குச் சொல்லிச் செய்ய வைக்கிறது.

ஜோய்ஸ்டிக்கைக் கையால் அசைத்தால் அந்த நொடியே கட்டுப்பாடு உங்களிடம் வந்துவிடும். பெரும்பாலான கருவிகளில் ஆட்டோ பட்டன் ஜோய்ஸ்டிக்கிலேயே, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும். மண் மலையாகக் குவிந்திருக்கும்போது கையால் தள்ளுங்கள். கடைசி ஒரு சாண் உயரத்துக்கு வந்த பிறகு ஆட்டோவைப் போடுங்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

2. பிளேடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

மூன்று விஷயம் தெரிந்தால் போதும். பிளேடின் முனை இப்போது எங்கே இருக்கிறது, அந்த இடத்தில் தரை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு. அந்த வித்தியாசம் பூஜ்யமாகும் வரை வால்வைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பதுதான் மொத்த வேலையும்.

முனை எங்கே இருக்கிறது என்பதைப் பல வழிகளில் கண்டுபிடிக்கலாம். பழைய முறையில் பிளேடின் மேல் ஒரு கம்பம் நிற்கும், அதன் உச்சியில் லேசர் ஒளியைப் பிடிக்கும் வாங்கியோ ஜிபிஎஸ் ஆண்டெனாவோ இருக்கும். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கம்பம் வைத்தால் சாய்வும் தெரிந்துவிடும். ஒரே கம்பம் என்றால் சாய்வுக்குத் தனியாக ஒரு சென்சர் வேண்டும். புது வண்டிகளில் கம்பமே கிடையாது. ஆண்டெனா கேபின் கூரையில் இருக்கும். சிலிண்டர் எவ்வளவு நீண்டிருக்கிறது, பிளேடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைச் சென்சர்கள் சொல்ல, கம்ப்யூட்டர் முனையைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. கோமாட்சு 2013இல் கொண்டுவந்த டி61 டோசர் இப்படித்தான் தொழிற்சாலையிலிருந்தே தயாராக வந்தது. கம்பம் இல்லாததால் ஒயர் கிளையில் மாட்டி அறுவதும், வண்டியை நிறுத்தும்போது ஆண்டெனாவைக் கழற்றிப் பத்திரப்படுத்துவதும் இல்லாமல் போயின.

3. இது புதுசா வந்த சாமானா? நம்பலாமா?

புதிது இல்லை. முதல் லேசர் 1960இல் வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்க விவசாய நிலங்களில் வடிகால் தோண்டவும் வயலைச் சமப்படுத்தவும் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். 1990களின் இறுதியில் ஜிபிஎஸ் டோசருக்கு வந்தது. 2002இல் கேட்டர்பில்லரும் டிரிம்பிளும் இதற்காகவே கூட்டு நிறுவனம் தொடங்கின. டாப்கான், லைக்கா போன்ற நில அளவைக் கருவி நிறுவனங்களும் இதே துறையில் இருக்கின்றன. கருவியை நம்பலாம். அதற்கு நாம் கொடுக்கும் தகவலைத்தான் சந்தேகப்பட வேண்டும். எப்படி என்பதை 10, 11ஆம் பதில்களில் சொல்கிறேன்.

4. லேசரா ஜிபிஎஸ்ஸா, எது நல்லது?

வேலையைப் பொறுத்தது. ஒரு பள்ளித் திடல், ஒரு கிடங்கின் தரை, ஒரு லோரி நிறுத்துமிடம் போல ஒரே மட்டமாகவோ ஒரே சாய்வாகவோ வரவேண்டிய இடத்துக்கு லேசர் போதும். முக்காலியில் சுழலும் லேசர், பிளேடில் ஒரு வாங்கி, அவ்வளவுதான். செலவு குறைவு, உயரத்தில் துல்லியம் அதிகம், தரை எங்கே எந்த உயரத்தில் வரவேண்டும் என்று சொல்லும் டிசைன் கோப்பு எதுவும் வேண்டாம். வளைந்து ஏறி இறங்கும் சாலை, ஒவ்வொரு மனைக்கும் ஒவ்வொரு உயரம் உள்ள தாமான் என்றால் லேசர் திண்டாடும், அங்கே ஜிபிஎஸ்தான்.

லேசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லோரியில் குலுங்கிக் குலுங்கிப் போகும் லேசர் மட்டம் விலகும். வெறும் 10 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) விலகினாலே 100 மீட்டரில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் பிழை வந்துவிடும், 300 மீட்டரில் 15. அதனால் அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். ஒரு இடத்தில் நிறுத்திப் படித்து, லேசரை அப்படியே 180 பாகை திருப்பி மறுபடி படித்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்கியின் கண்ணாடியில் செம்மண் தூசி படிந்திருந்தாலும் சமிக்ஞை விட்டுவிட்டு வரும். ஈரத்துணியால் துடைத்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடுகிறது.

சாலையின் கடைசி அடுக்குக்கு மில்லிமீட்டர் கணக்கில் வேண்டும் என்றால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு, ரோபோ டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி. பிளேடு மேல் இருக்கும் பிரிசத்தை (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) அது கண்ணால் பின்தொடரும். ஆனால் ஒரு கருவிக்கு ஒரு வண்டிதான், நடுவில் ஒரு லோரி வந்து நின்றாலே பார்வை அறுந்துவிடும்.

5. என் போன்ல ஜிபிஎஸ் அஞ்சு மீட்டர் தள்ளிக் காட்டுது. அதே ஜிபிஎஸ் எப்படி ஒரு அங்குலத்துக்குள்ள வெட்டும்?

செயற்கைக்கோள் அதேதான், அளக்கும் முறை வேறு. போன் தனியாக நின்று அளக்கிறது. இங்கே இரண்டு பேர் சேர்ந்து அளக்கிறார்கள். துல்லியமாக இடம் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு ஆண்டெனா அசையாமல் நிற்கும், அதற்கு பேஸ் என்று பெயர். வானத்தில் வரும் பிழை பேஸுக்கும் வண்டிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேஸ் தான் பெறும் அளவுகளை நொடிக்கு நொடி ரேடியோவில் அனுப்ப, வண்டி தன் அளவுகளோடு அவற்றை ஒப்பிட்டு அந்தப் பிழையைக் கழித்துக்கொள்கிறது. அத்தோடு செயற்கைக்கோளிலிருந்து வரும் ரேடியோ அலையின் கட்டத்தையே (அலை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதையே) அளவுகோலாக எடுத்துக்கொள்வதால் பிழை சென்டிமீட்டருக்கு இறங்குகிறது. இதைத்தான் ஆர்டிகே என்கிறார்கள்.

பக்கவாட்டில் 1 முதல் 2 சென்டிமீட்டர், உயரத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் என்று எதிர்பார்க்கலாம். பேஸிலிருந்து விலக விலக, கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பிழை கூடும். அதனால் பேஸ் 10 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும், பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்கிரீனில் "பிக்ஸ்" (இடம் துல்லியமாக உறுதியாகிவிட்டது) என்று காட்டினால் வெட்டலாம். "ஃப்ளோட்" (இன்னும் உறுதியாகவில்லை) என்று காட்டும்போது ஆட்டோவைத் தொடவே வேண்டாம்.

6. தோட்டத்துக்குள்ள போன் லைனே கிடைக்காது. அங்க வேலை செய்யுமா?

செய்யும், சொந்த பேஸ் வைத்திருந்தால். நம் நாட்டில் ஜூப்பெம் எனப்படும் நில அளவை, வரைபடத் துறை மைஆர்டிகேநெட் என்ற சேவையை நடத்துகிறது. நாடு முழுக்க நிரந்தர நிலையங்கள் வைத்து, திருத்தங்களை இன்டர்நெட் வழியாகத் தருகிறார்கள். டவுனுக்குப் பக்கத்தில் தாமான் வேலை என்றால் அது மிகவும் வசதி, பேஸைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மலையடிவாரத்துத் தோட்டத்தில் டேட்டா அறுந்து அறுந்து வரும்போது அது உதவாது. அங்கே ஒரு மேட்டில் சொந்த பேஸை நிறுத்தி, ரேடியோவில் அனுப்புவதுதான் வழி.

பேஸ் நிற்கும் முக்காலியை மாடு இடிக்காத, லோரி உரசாத இடத்தில் வையுங்கள். முக்காலி ஒரு அங்குலம் இறங்கினால் சைட்டில் உள்ள எல்லா வண்டியும் ஒரு அங்குலம் தப்பாக வெட்டும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

7. செம்பனை மரத்துக்கு நடுவுல தோட்ட ரோடு. அங்க ஜிபிஎஸ் வருமா?

வளர்ந்த மரத்துக்குக் கீழே ஒழுங்காக வராது. மட்டைகள் வானத்தை மூடிவிடும், இலையில் பட்டுத் தெறித்து வரும் சமிக்ஞை கருவியைக் குழப்பும். இப்போதைய வாங்கிகள் அமெரிக்க ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் பிடிப்பதால் முன்பைவிடப் பரவாயில்லை. பெய்டோவின் சில செயற்கைக்கோள்கள் எப்போதும் ஆசிய வானத்திலேயே இருப்பது நமக்கு அனுகூலம். ஆனாலும் அடர்ந்த மரத்தடியில் இதை நம்பி ஆட்டோ போடாதீர்கள்.

ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை மரம் சாய்த்து மறுநடவு செய்வார்களே, அந்தச் சமயம் வானம் முழுக்கத் திறந்திருக்கும். சாலை, வடிகால், தெரஸ் (சரிவில் வெட்டும் படித்தளம்) எல்லாவற்றையும் ஜிபிஎஸ் வைத்து ஒழுங்குபடுத்த அதைவிட நல்ல நேரம் கிடையாது. மற்ற காலத்தில் தோட்டச் சாலைக்கு அடுத்த பதிலில் உள்ள முறை போதும்.

8. ரோட்டுக்கு நடு மேடு மட்டும் சரியா வந்தா போதும். அதுக்கும் இவ்வளவு சாமானா?

வேண்டவே வேண்டாம். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் தோட்டச் சாலைகளுக்கு உண்மையில் தேவைப்படுவது இதுதான். கிரேடரில் குறுக்குச் சாய்வுக் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. செயற்கைக்கோள் வேண்டாம், லேசர் வேண்டாம், கோப்பு வேண்டாம். பிளேடு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, வண்டி எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்று சென்சர்கள் பார்த்துக்கொள்ளும். நீங்கள் ஒரு ஓரத்தை மட்டும் கையால் பார்த்துக்கொண்டால், மறு ஓரம் நீங்கள் கேட்ட சதவீதத்தில் தானாக நிற்கும். மரத்தடியிலும் வேலை செய்யும்.

செம்மண் சாலைக்கு 4 சதவீதம் நல்ல தொடக்கம், மழை அதிகம் அடிக்கும் இடத்தில் 5, 6 வரை போகலாம். 5 மீட்டர் அகலச் சாலையில் நடுவிலிருந்து ஓரம் 2.5 மீட்டர். 4 சதவீதம் என்றால் நடுப்பகுதி ஓரத்தைவிட 10 சென்டிமீட்டர் உயரம். கண்ணால் பார்த்து வெட்டும்போது இந்தச் சாய்வு ஓர் இடத்தில் 2 சதவீதம் ஆகும், இன்னொரு இடத்தில் 7 ஆகும். 2 ஆன இடத்தில் தண்ணீர் நிற்கும், குழி விழும், குலை ஏற்றிய லோரி அங்கேதான் புதையும். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்கும் என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த லோரிக்காகத்தான் இந்த 10 சென்டிமீட்டர்.

9. ஆட்டோ போட்டா பிளேடு நடுங்குது, தரை அலை அலையா வருது. கருவி கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. கருவி அவசரப்படுகிறது என்று அர்த்தம். பிளேடு கொஞ்சம் மேலே இருந்தால் இறக்கு என்று சொல்கிறது. எண்ணெய் வால்வைத் தாண்டி சிலிண்டரை அசைக்கச் சின்ன நேரம் ஆகும். அதற்குள் கருவி பொறுமையிழந்து இன்னும் இறக்கு என்கிறது. பிளேடு தேவைக்குக் கீழே போய்விடுகிறது, உடனே ஏற்று என்கிறது. இப்படி மேலும் கீழும் ஆடினால் தரையில் துவைக்கும் பலகை போல வரி வரியாக வரும். மெனுவில் வால்வு வேகம் அல்லது கெய்ன் என்ற இடத்துக்குப் போய்ப் படிப்படியாகக் குறையுங்கள். நடுக்கம் நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். ரொம்பக் குறைத்தால் பிளேடு சோம்பேறியாகி, மேட்டைப் பார்த்த பிறகும் மெல்ல ஏறும்.

கெய்னைத் தொடுவதற்கு முன் வேறு சிலவற்றைப் பாருங்கள். ஹைட்ராலிக் எண்ணெய் சூடாகியிருக்கிறதா? குளிர்ந்த எண்ணெயில் வால்வைக் கலிபரேட் செய்தால் (கருவிக்கு ஏற்ப அளவு சரிசெய்தால்) மத்தியானம் நடத்தை மாறிவிடும். காலையில் பிளேடைப் பல தடவை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகே கலிபரேஷன் செய்யுங்கள். பிளேடை இணைக்கும் பின்களில் (இரும்பு ஆணிகளில்) ஆட்டம் இருக்கிறதா? கம்பம் தளர்ந்திருக்கிறதா? பின் தேய்ந்து ஒரு சென்டிமீட்டர் ஆடினால் எந்த மெனுவாலும் அதைச் சரி செய்ய முடியாது. கிரீஸ் வைக்காமல் விட்ட வண்டிகளில்தான் இந்தப் புகார் அதிகம் வருகிறது.

அடுத்தது வேகம். மணிக்கு 3 கிலோமீட்டரில் போகும் டோசர் நொடிக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் நகர்கிறது. அந்தச் சின்னத் தாமதம் 0.2 நொடி என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் தாண்டிவிடும். கடைசி ஓட்டத்தில் மெல்லப் போங்கள். டோசரில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பிளேடு முன்னால் இருக்கிறது, அது விட்ட அலை மேல்தான் செயின் (சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரும்புப் பட்டை) ஏறுகிறது, ஏறியதும் பிளேடு மறுபடி தூக்குகிறது. கிரேடரில் பிளேடு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருப்பதால் முன்சக்கரம் ஏறிய உயரத்தில் பாதியளவுதான் பிளேடுக்கு வரும். கடைசி அடுக்குக்கு கிரேடரைக் கூப்பிடுவது அதனால்தான்.

10. கட்டிங் எட்ஜ் மாத்தினோம். அதுல இருந்து எல்லா இடமும் ரெண்டு சென்டி தாழ்வா வருது. ஏன்?

பிளேடின் அடியில் மாட்டும் எட்ஜ் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆண்டெனாவிலிருந்தோ சென்சரிலிருந்தோ முனை வரைக்கும் நீங்கள் ஒருநாள் டேப் பிடித்துச் சொன்ன தூரம்தான் தெரியும். தேய்ந்த எட்ஜோடு அளந்து பதிவு செய்திருப்பீர்கள். புது எட்ஜ் 2 சென்டிமீட்டர் நீளம் என்றால் அதே 2 சென்டிமீட்டர் ஆழமாக வெட்டும். கணக்கு அவ்வளவு நேரடியானது. தேயத் தேய இதற்கு எதிர்மாறாக, தரை கொஞ்சம் கொஞ்சமாக உயரமாக வர ஆரம்பிக்கும். ஒரு ஓரம் மட்டும் அதிகமாகத் தேய்ந்தால் சாய்வும் மாறும்.

கல் நிறைந்த செம்மண்ணில் எட்ஜ் வேகமாகத் தேயும். வாரம் ஒருமுறை இரண்டு ஓரத்தையும் அளந்து மெனுவில் மாற்றுங்கள். எட்ஜைத் திருப்பிப் போட்டாலும் புதிது மாட்டினாலும் அன்றைக்கே அளக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

11. ஸ்கிரீன் பூஜ்யம்னு காட்டுது, லெவல் கருவி வச்சுப் பார்த்தா தப்பு. யாரை நம்புறது?

லெவல் கருவியை. முதலில் ஆட்டோவை நிறுத்துங்கள். அப்புறம் காரணம் தேடுங்கள். பிழை எங்கே போனாலும் ஒரே அளவாக இருந்தால் எட்ஜ் அல்லது பேஸ் உயரம், 10ஆம் பதிலையும் 6ஆம் பதிலின் கடைசிப் பகுதியையும் பாருங்கள். ஒரு பக்கம் போகப் போகப் பிழை கூடிக்கொண்டே வந்தால் சைட் கலிபரேஷன் தப்பு. அதாவது சர்வேயர் வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு ஜிபிஎஸ்ஸை இணைத்த விதம் சரியில்லை. சைட்டின் ஒரு மூலையில் மட்டும் புள்ளிகளை எடுத்துக் கலிபரேட் செய்தால் மறு மூலை நிச்சயம் கோணும். நான்கு ஐந்து புள்ளிகளாவது சைட்டைச் சுற்றி வளைத்து இருக்க வேண்டும்.

பிழை மீட்டர் கணக்கில் இருந்தால் உயரக் கணக்கே வேறு. செயற்கைக்கோள் தரும் உயரம் கணித முட்டை வடிவம் ஒன்றிலிருந்து அளப்பது, கடல் மட்டத்திலிருந்து இல்லை. தீபகற்ப மலேசியாவின் நில உயரங்கள் கிள்ளான் துறைமுகத்தில் அளந்த சராசரிக் கடல் மட்டத்தை வைத்தவை. பேராக் பக்கம் இரண்டுக்கும் பல மீட்டர் வித்தியாசம் வரும். அதைச் சரிசெய்ய ஜூப்பெம் மைஜியோயிட் என்ற மாதிரியைத் தருகிறது. கருவியில் அதை ஏற்றியிருக்கிறார்களா என்று சர்வேயரைக் கேளுங்கள்.

தினமும் வேலை தொடங்கும் முன் பிளேடு முனையைத் தெரிந்த ஒரு புள்ளியின் மேல் மெல்ல வைத்து, ஸ்கிரீன் காட்டும் உயரம் அந்தப் புள்ளியின் உயரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கான்கிரீட்டில் பதித்த ஆணி ஒன்றை இதற்காகவே வைத்துக்கொள்ளலாம். நான் போகும் எல்லா இடத்திலும் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். மண்ணை வெட்டிய பிறகு கண்டுபிடிப்பதற்கு பதிலாகக் காலையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

12. பகல் பூரா நல்லா வேலை செய்யுது. ராத்திரி ஓட்டினா பிக்ஸ் போய்ப் போய் வருது. என்ன காரணம்?

வண்டியில் கோளாறு இல்லை, வானத்தில். நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் மறைந்த பிறகு இந்தப் பகுதியின் மேல் வானத்து மின்னூட்டப் படலம் கலைந்து குமிழ் குமிழாக மேலெழும்பும். அதைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நடுங்கும். பொதுவாக இரவு எட்டு மணி வாக்கில் ஆரம்பித்து நள்ளிரவு வரை இருக்கலாம். மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி அதிகம். சூரியன் சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் உச்சத்தில் இருக்கும் காலத்தில் இன்னும் மோசம், 2024, 2025இல் அந்த உச்சத்தைப் பார்த்தோம்.

குளிர் நாட்டில் எழுதிய கையேடுகளில் இது பெரிதாக இருக்காது, அதனால் நம் ஆபரேட்டர்கள் கருவியைத் திட்டுகிறார்கள். துல்லியம் வேண்டிய கடைசி அடுக்கைப் பகலில் முடித்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் இருந்தே ஆகவேண்டும் என்றால் மண் தள்ளும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது லேசருக்கு மாறுங்கள். லேசருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

13. மண் போட்டு நிரப்பினோம், ஆட்டோவுல கச்சிதமா வந்துச்சு. ரோலர் ஓடினதும் தாழ்ந்துபோச்சு. இப்ப?

பிளேடு பார்ப்பது தளர்ந்த மண்ணின் மேல்முகத்தை. ரோலர் அழுத்தினால் அது இறங்கத்தான் செய்யும். மெனுவில் உயர ஈடு என்று ஒன்று இருக்கும், அதில் இறங்கப்போகும் அளவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்பது மண்ணையும் ஈரத்தையும் அடுக்கின் தடிமனையும் பொறுத்தது. முதல் சின்னத் துண்டில் அடுக்கு போட்டு, ரோலர் ஓட்டி, அளந்து பார்த்துவிட்டு அந்த எண்ணை மற்ற இடத்துக்குப் போடுங்கள்.

தெலுக் இந்தான் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத்தில் இது இன்னும் சிக்கல். அங்கே தண்ணீர் வடிய வடிய நிலமே இறங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்குப் பூஜ்யம் காட்டிய இடம் சில மாதம் கழித்து வேறு உயரத்தில் இருக்கும். கருவி அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

14. நம்ம பழைய டோசர்ல மாட்டலாமா? தவுக்கே புதுசு வாங்க மாட்டேங்கிறாரு.

மாட்டலாம், ஆனால் வண்டியின் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். கையால் இழுக்கும் பழைய வால்வு இருந்தால் பக்கத்தில் மின்சாரத்தால் இயங்கும் வால்வு ஒன்றைக் கூடுதலாகப் போட வேண்டும். பம்ப் தேய்ந்து அழுத்தம் வரவில்லை, பின்கள் ஆடுகின்றன என்றால் முதலில் அந்தக் காசை ஒர்க்‌ஷாப்பில் செலவு செய்யுங்கள். 9ஆம் பதிலில் சொன்னதுதான் காரணம்.

வால்வைத் தொடாமல் ஸ்கிரீன் மட்டும் மாட்டும் வழியும் இருக்கிறது. எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அது காட்டும், கையால் நீங்கள் வெட்டுவீர்கள். முளை அடிக்கும் வேலை மிச்சமாகும், செலவும் குறைவு. தயங்கும் முதலாளியிடம் நான் இதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

15. இதனால என்னதான் மிச்சம்? கணக்கு சொல்லுங்க.

ஒரு ஹெக்டேரில் 1 சென்டிமீட்டர் மண் என்பது 100 கன மீட்டர். ஒரு தாமான் தரையில் சராசரியாக 2 சென்டிமீட்டர் கூடுதலாகக் கல் கொட்டிப் பரப்பிவிட்டால் ஹெக்டேருக்கு 200 கன மீட்டர். லோரிக்கு 10 கன மீட்டர் என்று வைத்தால் 20 லோரி. அந்தக் கல் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, யாரும் திருப்பித் தரப்போவதில்லை. குறைவாக வெட்டிய இடத்துக்கு மறுபடி வண்டி ஓட்ட டீசல் வேறு. உங்கள் ஊர்க் கல் விலையையும் லோரி வாடகையையும் நீங்களே போட்டுப் பாருங்கள். சின்ன வேலைக்கு இது கட்டாது, பெரிய தரை வேலைக்குக் கட்டும். அதற்கு நடுவில் இருப்பவர்கள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம்.

16. மலைச்சரிவுல தெரஸ் வெட்டவும் ஆட்டோ பிளேடு உதவுமா?

ஓரளவு. தெரஸ் மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் போக வேண்டும், மண்ணும் தண்ணீரும் வெளியே ஓடாமல் இருக்க உள்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். அந்த உள்சாய்வைப் பிடித்து வைக்கச் சாய்வுச் சென்சர் நன்றாக உதவும். ஆனால் மலை ஒரு பக்கத்து வானத்தை மறைப்பதால் ஜிபிஎஸ் பலவீனமாகும், பெரிய கல்லும் வேரும் வந்தால் ஆட்டோவை அணைத்துவிட்டுக் கையால்தான் வெட்ட வேண்டும். சரிவு கூடிய இடத்தில் வண்டி உருளும் ஆபத்தை எந்தக் கருவியும் தடுக்காது. பிளேடைப் பார்ப்பதைவிட வண்டியின் சாய்வைப் பார்ப்பது முக்கியம். 25 பாகைக்கு மேல் போன சரிவில் செம்பனையே நடக்கூடாது என்பதுதான் தோட்டங்களில் பொதுவான விதி.

17. ஆட்டோல போட்டுட்டு ஒரு நிமிஷம் கீழே இறங்கலாமா? அப்புறம் நிலத்தடிக் குழாய் இருந்தா அதுவே நிறுத்துமா?

இரண்டுக்கும் இல்லை. ஆட்டோ போட்ட நொடியில் பிளேடு பெரிய தூரம் சட்டென்று நகரலாம், வண்டி நின்றுகொண்டிருந்தாலும்கூட. லெவல் பார்ப்பவர் பிளேடுக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஆட்டோ அணைந்திருக்க வேண்டும். இறங்கும் முன் பிளேடைத் தரையில் வைத்து, ஆட்டோவை அணைத்து, ஹைட்ராலிக் பூட்டைப் போடுங்கள். கோப்பில் வரைந்தது மட்டுமே கருவிக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் அதில் இல்லை என்றால் நேராக அறுத்துக்கொண்டு போகும்.

18. நான் இருபது வருஷமா கையால வெட்டுறேன். இனிமே சின்னப் பையன் வந்து பட்டன் அழுத்தினா போதும்னா, என் வேலை என்னாகும்?

இதைக் கேட்கும்போது பலருடைய குரல் தாழ்ந்துவிடும். எனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்கிறேன். கடைசி ஒரு அங்குலத்தை வெட்டுவதில் உங்கள் கைக்கு இருந்த மதிப்பு குறையும், அது உண்மை. புதிதாக வருபவர் சில வாரத்தில் அந்த மட்டத்தைக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் எந்த மண்ணை எங்கே கொண்டுபோனால் ஓட்டம் குறையும், இந்தச் செம்மண் மழைக்குப் பிறகு எப்போது ஏறத் தாங்கும், பிளேடில் எவ்வளவு சுமை ஏற்றினால் செயின் வழுக்காமல் இருக்கும், எந்தப் பக்கம் முதலில் வெட்டினால் தண்ணீர் சைட்டிலேயே தேங்காது, இதெல்லாம் கருவிக்குத் தெரியாது. ஒரு வேலையின் பெரும்பகுதி நேரம் அதில்தான் போகிறது.

அதனால் நீங்களும் பழகுங்கள். ஸ்கிரீனில் இருப்பது நீங்கள் ஏற்கனவே மனதில் போட்டுக்கொண்டிருக்கும் கணக்குதான். தப்பு வந்தால் முதலில் கண்டுபிடிப்பவர் அனுபவசாலிதான், "இந்த இடம் இவ்வளவு தாழ்வாக இருக்காதே" என்று சொல்ல அவரால்தான் முடியும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த எத்தனையோ பேர் டிராக்டரிலிருந்து டோசருக்கு வந்து நல்ல பேர் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் இந்தக் கருவி வெளியூர்க்காரர் கையில் மட்டும் இருக்கும் பொருளாகிவிடக் கூடாது என்பது என் ஆசை.

19. பைல் தப்புனால தப்பா வெட்டிட்டோம். பொறுப்பு யாரோடது?

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். ஆனால் சண்டை வரும்போது காகிதம் இருப்பவர் பக்கம்தான் பேச்சு நிற்கும். கோப்பு வாட்ஸ்அப்பில் வந்தால் யார், எந்தத் தேதியில், எத்தனையாவது திருத்தம் அனுப்பினார் என்பதைக் கோப்பின் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். பழைய கோப்பைக் கருவியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே வண்டியில் இரண்டு திருத்தங்கள் இருந்தால் ஒருநாள் தப்பானதைத் திறப்பது நிச்சயம். புதுக் கோப்பு ஏற்றியதும் வரைபடத்தில் உயரம் எழுதிய இரண்டு மூன்று இடங்களுக்கு வண்டியைக் கொண்டுபோய், ஸ்கிரீனில் வரும் டிசைன் உயரம் அதோடு ஒத்துப்போகிறதா என்று சர்வேயரோடு சேர்ந்து பாருங்கள்.

11ஆம் பதிலில் சொன்ன காலைச் சோதனையின் எண்ணைத் தினமும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, சைட் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஸ்கிரீனைப் போனில் படம் எடுத்து வைத்தாலும் சரி. அன்றைக்குப் புள்ளி சரியாக இருந்தது, எட்ஜ் சரியாக இருந்தது, வண்டி கோப்பு சொன்னதைத்தான் வெட்டியது என்று காட்ட ஆபரேட்டரிடம் வேறு எதுவும் இருக்காது.